ஆறெழுத்து ஊர், அறுபது அழைப்பு

அரும்பாவூர் என்று எழுத ஆறு எழுத்து போதும். பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டை வட்டத்தில், பச்சைமலை அடிவாரத்தில் இருக்கிற இந்தப் பேரூரை வெளியூர்க்காரர்கள் மரச்சிற்பத்தை வைத்துத்தான் அறிவார்கள். 2020-இல் தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாட்டோடு அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கும் புவிசார் குறியீடு கிடைத்தபோது, செய்தித்தாள் அலுவலகங்களிலும் அரசுக் கோப்புகளிலும் இந்தப் பெயரைப் பலர் தட்டச்சு செய்திருப்பார்கள். அந்த நேரத்தில் விண்டோஸ் கணினிக்குள் நடந்ததை நிதானமாகப் பார்த்தால் ஒரு பழைய சண்டை கண்ணில் படும். கணினித் திரையை யார் ஆள்வது என்று உலகம் முழுக்க நிரல் எழுதுவோர் நாற்பது ஆண்டுகளாகப் போட்ட சண்டை அது.

ஆங்கில ஒலிப்படி அடிக்கிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஏ, ஆர், யு, எம், பி, ஏ, ஏ, வி, யு, யு, ஆர் என்று 11 விசை. முதல் ஏ-க்கு ‘அ’ விழுகிறது. ஆர் அடித்தால் ‘ர்’. அடுத்து யு அடித்ததும் அந்தப் புள்ளி அழிந்து, உகரக் குறி ஒட்டி, ‘ரு’ ஆகிறது. எம் அடித்தால் ‘ம்’, பி அடித்தால் ‘ப்’. பிறகு ஓர் ஏ வந்து புள்ளியை மட்டும் அழித்து ‘ப’ ஆக்க, இன்னோர் ஏ துணைக்கால் போட்டுப் ‘பா’ ஆக்குகிறது. ‘வ்’, ‘வு’, ‘வூ’ என்று அடுத்த எழுத்து மூன்று படியில் வளர்கிறது. கடைசியில் ‘ர்’.

இப்படி அழித்து எழுதுவது வேர்டும் இல்லை, பேஜ்மேக்கரும் இல்லை. பின்னணியில் சத்தமில்லாமல் ஓடுகிற தமிழ் விசைப்பலகை மென்பொருள். அது தொடங்கும்போதே விண்டோஸிடம் ஒரு விண்ணப்பம் போட்டு வைக்கிறது: யார் எந்த விசையைத் தொட்டாலும் முதலில் என்னைக் கூப்பிடு. இந்த ஏற்பாட்டுக்கு ஹூக் என்று பெயர். அப்படிக் கூப்பிடப்படும் நிரல் துண்டு கால்பேக். விசையை அழுத்தும்போது ஓர் அழைப்பு, விடும்போது ஓர் அழைப்பு. 11 விசைக்கு 22 ஆயிற்று. மென்பொருள் அந்த ஆங்கில எழுத்துகளை விழுங்கிவிட்டு, பேக்ஸ்பேஸும் தமிழ்க் குறியுமாக 19 விசைகளைத் தானே அடித்து அனுப்புகிறது. அவையும் அழுத்தம், விடுப்பு என்று இரட்டையாக அதே வாசல் வழியாகத்தான் வர வேண்டும், அது 38. ஆக, நேர்வழியில் எழுதிய ஒரு மென்பொருளில் ஆறெழுத்து ஊர்ப்பெயருக்கு 60 அழைப்பு. (வந்த விசை ஆள் அடித்ததா, மென்பொருளே அனுப்பியதா என்று காட்ட விண்டோஸ் ஓர் அடையாளம் வைத்திருக்கிறது. அதைப் பார்க்க மறந்த மென்பொருள், தான் அனுப்பியதைத் தானே பிடித்து மறுபடி அனுப்பி, முடிவே இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும்.)

சிக்கல் இனிதான். அந்த 60 அழைப்பும் யாரிடம் வருகின்றன?

ஒரு நிரல் ஓடும்போது அதற்குள் ஒன்றோ பலவோ திரெட்கள் ஓடலாம். ஒவ்வொரு திரெட்டும் தனித்தனி வேலையோட்டம். ஆனால் ஜன்னலை வரைவது, சுட்டியைக் கவனிப்பது, விசையைக் கவனிப்பது எல்லாம் ஒரே திரெட்டின் பொறுப்பு. அதைத்தான் மெயின் திரெட் என்கிறார்கள். ஒரே ஓர் எழுத்தர் உட்கார்ந்திருக்கும் கிளைத் தபால் நிலையம் மாதிரி: தபால்தலை கேட்பவரும் மணியார்டர் அனுப்புபவரும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும், எழுத்தர் உள்ளே போய்க் கணக்குப் புத்தகம் தேட ஆரம்பித்தால் எல்லாருக்கும் வேலை நின்றுபோகும். விண்டோஸின் கீழ்மட்ட ஹூக் அழைப்பு, ஹூக்கைப் போட்ட அந்தத் திரெட்டுக்குத்தான் ஒரு செய்தியாக வந்து சேரும். அந்தத் திரெட் தன் வரிசையைக் கவனிக்காமல் ஒரு கோப்பையோ இணையத்தையோ எதிர்பார்த்துக் காத்திருந்தால், தட்டிய எழுத்தும் காத்திருக்கும். மென்பொருளுக்குள் நடப்பது தட்டச்சு செய்பவருக்குத் தெரியாது. “சிஸ்டம் ஸ்டக் ஆகுது” என்பார்.

தமிழில் விசை அடித்தவுடன் எழுத்து விழாமல் நிற்பது கணினியோடு வந்த பழக்கம் இல்லை. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இரா. முத்தையா தமிழுக்குத் தட்டச்சுப்பொறி வடிவமைத்து ஜெர்மனியில் செய்வித்தபோது, சில விசைகளை உருளை நகராதபடி அமைத்தார். நகரா விசை என்று அவற்றைச் சொல்வார்கள். முதலில் புள்ளி, தாள் நகராது, அடுத்து ‘ம’ அடித்தால் ‘ம்’ ஆகும். முன்னால் அடித்தது பின்னால் வருவதற்காகக் காத்து நிற்கும். அரசுத் தொழில்நுட்பத் தேர்வுகளுக்காக ஊர் ஊராக இருந்த தட்டச்சுப் பயிலகங்களில் லோயர், ஹையர் பாஸ் செய்தவர்களின் விரல்களில் இந்த வரிசை ஊறிப்போனது. பிற்காலத்தில் அதே வரிசையைக் கணினிக்குக் கொண்டுவந்தவர்களுக்குத் தலைவலி அங்கேதான் தொடங்கியது. தாளில் இடப்பக்கம் இருக்கும் கொம்பை முதலில் அடிப்பார்கள். யூனிகோடோ மெய்யை முதலிலும் குறியைப் பின்னாலும் வைக்கச் சொல்கிறது. ஆக, அடித்ததை நினைவில் வைத்து, அடுத்தது வந்ததும் இடம் மாற்றிப் போட ஓர் ஆள் நடுவில் தேவை.

விண்டோஸின் முதல் பதிப்பு 1985 நவம்பரில் வந்தது. அதே 1985-இல்தான் மலேசியாவின் முத்து நெடுமாறன் முரசு மென்பொருளைத் தொடங்கினார். அன்றைய விண்டோஸ் நிரலின் இதயம் மூன்று வரிச் சுழல்: வரிசையிலிருந்து ஒரு செய்தியை எடு, மொழிபெயர், உரிய ஜன்னலுக்கு அனுப்பு. ஜன்னலின் நிரலை நிரலாளர் எழுதுவார், ஆனால் அவர் அதை அழைக்க மாட்டார், விண்டோஸ்தான் அழைக்கும். அந்த நிரலின் தலைப்பிலேயே கால்பேக் என்ற சொல் பிற்காலத்தில் நிரந்தரமாக ஏறியது. இந்தத் தலைகீழ் ஏற்பாடு அன்றைக்குப் பலருக்குப் புரியாத புதிர். பள்ளியில் மேலிருந்து கீழாக நிரல் எழுதப் படித்தவருக்கு, நிரலை எழுதிவிட்டு யாரோ கூப்பிடும்வரை சும்மா இருக்க வேண்டும் என்றால் எப்படி இருக்கும்!

1992-இல் வந்த விண்டோஸ் 3.1 வரை நிலைமை இன்னும் மோசம். எல்லா நிரலுக்கும் சேர்த்து உள்ளீட்டு வரிசை ஒன்றே ஒன்று. ஒரு நிரல் தன் முறையை விட்டுக்கொடுக்காமல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால் மற்ற எல்லா நிரலும் உறைந்துவிடும். மணற்கடிகாரப் படத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பது அன்றைய அலுவலக வாழ்க்கையில் ஓர் அங்கம். 1993-இல் விண்டோஸ் என்டி, 1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95 இரண்டும் ஒவ்வொரு திரெட்டுக்கும் தனி வரிசை கொடுத்தன. இனி ஒரு நிரல் உறைந்தால் அது மட்டும் உறையும். ஆனால் ஒரு விதி மாறவில்லை: ஜன்னலை எந்தத் திரெட் உருவாக்கியதோ, அந்த ஜன்னலுக்கு வரும் செய்தியை அந்தத் திரெட் மட்டுமே எடுக்க முடியும்.

அந்த ஆண்டுகளில் சிறு ஊர்களில் முளைத்த டிடிபி சென்டர்களுக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை. பேஜ்மேக்கரைத் திறந்து, பாமினி போன்ற எழுத்துருவைத் தேர்ந்தெடுத்து அடித்தால் கும்பாபிஷேக அழைப்பிதழும் காதணி விழாப் பத்திரிகையும் தயார். அங்கே ஹூக்கும் இல்லை, கால்பேக்கும் இல்லை. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்த எழுத்துரு அது. தான் ஆங்கிலம் எழுதுவதாகவே கணினி கடைசிவரை நம்பியது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் மட்டும் குட்டு வெளிப்படும். மணமக்கள் பெயர் இருந்த இடத்தில் அரைப்புள்ளியும் ஆங்கில எழுத்தும் பல்லிளிக்கும்.

அந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்இணையம் 99 மாநாடு கூடியது. அதன் வழியாகத் தமிழ்99 விசைப்பலகை வந்தது. டாம், டாப் என்ற எழுத்துருக் குறியீடுகளும் வந்தன. மறு ஆண்டு வந்த விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு யூனிகோடு தமிழைக் கொண்டுவந்தது. இனிமேல் கணினிக்குத் தமிழ் தமிழாகவே தெரியும். அதற்கு விலையாகத்தான் நடுவில் ஓர் ஆள் நிற்க வேண்டி வந்தது. விஸ்வநாதனின் அழகி 2000-இல் வந்தது. முகுந்தராஜின் இ-கலப்பை, மார்க் டர்டின் 1993-இல் லாவோ மொழிக்காகத் தொடங்கிய கீமேன் மென்பொருளின் மேல் ஏறி வந்தது, பின்னர் 3.0 பதிப்பில் கீமேனின் துணையின்றித் திறமூலமாக நின்றது. நியூ ஹொரைசன் மீடியா இலவசமாகத் தந்த என்எச்எம் ரைட்டரும் வலைப்பதிவு எழுதிய ஒரு தலைமுறையின் கணினிகளில் இருந்தது. வணிக மென்பொருள் எழுதுவோர் பாடப்புத்தகத்தில் படித்த மெயின் திரெட் சிக்கலை, தமிழ் விசைப்பலகை எழுதியவர்கள் முதல் நாளிலிருந்தே எதிர்கொண்டார்கள். அவர்கள் மென்பொருளுக்கு வேறு முகமே கிடையாது. அழைப்பு வந்தால் உடனே பேச வேண்டும்.

அப்படியானால் ஏன் ஒரே திரெட்? கணினியில் நான்கு கோர், எட்டு கோர் என்று வந்த பிறகும் திரையை எல்லாத் திரெட்களும் சேர்ந்து வரைந்தால் என்ன? இந்தக் கேள்வியைக் கெட்டிக்காரர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள், செய்தும் பார்த்திருக்கிறார்கள். ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் சீடர் என்ற சூழலைப் பல திரெட்களோடு கட்டினார்கள். அங்கே திரெட்கள் உண்மையில் எதற்குப் பயன்பட்டன என்று கார்ல் ஹௌசர், மார்க் வைசர் உள்ளிட்டோர் ஆராய்ந்து 1993-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். பத்து வகைப் பயன்பாட்டை அடையாளம் கண்டார்கள். அவற்றில் ஒன்று வேடிக்கையானது: ஒரு பொருளை ஒரு நேரத்தில் ஒரு திரெட் மட்டும் தொடுவதற்காகப் போடும் பூட்டுகள் ஒன்றையொன்று மறித்து எல்லாம் நின்றுபோகாமல் தப்பிப்பதற்காகவே ஒரு புதுத் திரெட்டை உருவாக்குவது. திரெட்களால் வந்த நோய்க்குத் திரெட்டே மருந்து.

1996 ஜனவரியில் வந்த ஜாவாவின் முதல் பதிப்பில், ஏடபிள்யூடி என்ற திரைக் கருவித்தொகுப்பை எந்தத் திரெட்டிலிருந்தும் அழைக்கலாம் என்ற எண்ணத்தோடுதான் அமைத்தார்கள். நடைமுறையில் உறைவும் குழப்பமும் மிஞ்சின. அடுத்து வந்த ஸ்விங் அந்த ஆசையைக் கைவிட்டு, திரைப் பொருள்களைத் தொடுவது ஒரே திரெட்டின் வேலை என்று விதி போட்டது. ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு எனக்குத் தெரிந்து ஆகத் தெளிவான விளக்கத்தை 2004 அக்டோபரில் சன் நிறுவனத்தின் கிரஹாம் ஹாமில்டன் எழுதினார். பல திரெட் திரைத்தொகுப்பு என்பது தோற்றுப்போன கனவா என்று கேட்டு அவர் சொன்ன காரணம் இது. பயனர் ஒரு பொத்தானை அழுத்தினால் அந்தச் செய்தி கீழிருந்து மேலே வருகிறது: இயங்குதளம், ஜன்னல், பொத்தான், பிறகு நிரல். நிரல் ஒரு பொத்தானின் நிறத்தை மாற்றச் சொன்னால் கட்டளை மேலிருந்து கீழே போகிறது: நிரல், பொத்தான், ஜன்னல், இயங்குதளம். ஒவ்வொரு படியிலும் ஒரு பூட்டு. கீழிருந்து வருபவர் ஜன்னல் பூட்டைப் பிடித்துக்கொண்டு பொத்தான் பூட்டுக்காகக் காத்திருக்கிறார். மேலிருந்து வருபவர் பொத்தான் பூட்டைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பூட்டுக்காகக் காத்திருக்கிறார். இருவரும் விட மாட்டார்கள். திரை உறைந்தது உறைந்ததுதான். நிரலை எழுதியவர் மேதையானாலும் இந்த எதிரெதிர்ப் போக்கு மாறாது, ஏனென்றால் அது வேலையின் இயல்பிலேயே இருக்கிறது.

ழான்-லூயி காசே தொடங்கிய பி நிறுவனத்தின் பிஓஎஸ் மட்டும் ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஒரு திரெட் என்று துணிந்து போனது. அது சுறுசுறுப்பாக ஓடியது என்று இன்றும் புகழ்வார்கள். ஆனால் ஒரு ஜன்னலிலிருந்து இன்னொன்றைத் தொடும்போதெல்லாம் பூட்டு, திறப்பு என்று அதற்கு நிரல் எழுதியவர்கள் பட்ட பாட்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். லினக்ஸ் உலகின் ஜிடிகேயும் ஒரு பொதுப் பூட்டு வைத்துப் பார்த்தது; 2012-இல் 3.6 பதிப்போடு அதை ஒதுக்கிவிட்டது. ஆசைப்பட்டு வெளியே போன எல்லாரும் ஏறக்குறைய ஒரே இடத்துக்குத் திரும்பி வந்தார்கள்.

தமிழ்நாட்டில் இந்தக் கதையின் இன்னொரு கிளை சென்னையில் ஓடியது. ஜாவாவின் முதல் பதிப்பு வந்த அதே 1996-இல் தொடங்கிய அட்வென்ட்நெட், நெட்வொர்க் கருவிகளைக் கண்காணிக்க எஸ்என்எம்பி நெறிமுறைக்கான ஜாவா தொகுப்பை விற்றது. (2009-இல் அதுவே ஜோஹோ கார்ப்பரேஷன் என்று பெயர் மாற்றிக்கொண்டது.) தொலைவில் இருக்கும் ரூட்டரிடம் ஒரு கேள்வி அனுப்பினால் விடை எப்போது வரும் என்று சொல்ல முடியாது, வராமலே போகலாம். அதனால் அந்தத் தொகுப்பில் இரண்டு வழி வைத்திருந்தார்கள். ஒன்று, கேள்வி அனுப்பிவிட்டு விடை வரும்வரை அங்கேயே நிற்பது. மற்றது, அனுப்பிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பது; விடை வந்ததும் கால்பேக் என்ற பெயரிலேயே உள்ள நிரலைத் தொகுப்பு கூப்பிடும்.

முதல் வழியை ஸ்விங் பொத்தானுக்குள் எழுதினால் ரூட்டர் பதில் சொல்லும்வரை திரை சாம்பல் பூத்துக் கிடக்கும். இரண்டாவது வழியில் திரை உறையாது, ஆனால் விடை வந்து சேர்வது வேறொரு திரெட்டில். அங்கிருந்தே நேராகப் போய் அட்டவணையில் எண்ணை மாற்றினால் பத்து முறை ஒழுங்காக ஓடும், பதினோராவது முறை அட்டவணை பாதி வரைந்த நிலையில் சிதறும். வாடிக்கையாளர் இடத்தில் மட்டும் வருகிற, அலுவலகத்தில் எத்தனை முறை ஓட்டினாலும் வராத பிழை அது. சரியான முறை: விடையை ஒரு சிறு வேலையாக மடித்து, ஸ்விங்கின் வரிசையில் இன்வோக்-லேட்டர் மூலம் சேர்த்துவிட்டு உடனே திரும்பிவிட வேண்டும். திரையைத் தொடும் வேலையை, முறை வரும்போது மெயின் திரெட்டே செய்துகொள்ளும்.

எல்லா இயங்குதளங்களும் இந்த ஒரே மருந்தைத்தான் வெவ்வேறு புட்டிகளில் அடைத்துத் தந்தன. விண்டோஸில் போஸ்ட்மெசேஜ். டாட்நெட்டில் பிகின்இன்வோக். க்யூட் 4-இல், திரெட் விட்டுத் திரெட் போகும் சிக்னல்களுக்கு வரிசை. ஆப்பிள் 2009-இல் ஸ்னோ லெபர்டோடு தந்த கிராண்ட் சென்ட்ரல் டிஸ்பாட்சில் மெயின் கியூ. விஷுவல் பேசிக்கில் மட்டும் ஒரு குறுக்கு வழி இருந்தது: டூஈவென்ட்ஸ். நீண்ட கணக்கின் நடுவில் அந்த ஒரு வார்த்தையைப் போட்டால் மெயின் திரெட் ஒரு கணம் நின்று வரிசையில் இருப்பவர்களைக் கவனித்துவிட்டு வரும். கணினி நிலையங்களில் விபி படித்தவர்களுக்கு அது சர்வரோக நிவாரணி. ஆனால் கணக்கு முடியாத நேரத்தில் பொறுமையிழந்த பயனர் அதே பொத்தானை இன்னொரு முறை அழுத்தினால், பாதி முடிந்த வேலைக்குள் அதே வேலை மறுபடி தொடங்கும். ஒரே பில் இரண்டு முறை பதிவானதற்குக் காரணம் தேடிய பலர் கடைசியில் வந்து நின்ற இடம் இதுதான்.

டாட்நெட் 2005-இல் கொஞ்சம் கண்டிப்பு காட்டியது. வேறு திரெட்டிலிருந்து திரைப் பொருளைத் தொட்டால், சோதித்துப் பார்க்கும்போதே பிழை எழுப்பியது. அதற்கு முன் அது பெரும்பாலும் சத்தமில்லாமல் ஓடிவிடும், அல்லது சத்தமில்லாமல் கெடும். 2012-இல் சி ஷார்ப் 5 கொண்டுவந்த அவெய்ட் என்ற ஒற்றைச் சொல்தான் பெரிய தாவல். விடை வரும்வரை மெயின் திரெட்டை விட்டுவிட்டு, வந்ததும் மிச்ச நிரலை அதே திரெட்டில் தொடரவைக்கிற வேலையை அது தானே பார்த்துக்கொண்டது. கால்பேக்கை யாரும் ஒழிக்கவில்லை; நிரலாளரின் கண்ணில் படாமல் மறைத்தார்கள், அவ்வளவுதான். மறைத்ததால் ஒரு புதுவகை உறைவும் வந்தது. அவெய்ட் போட வேண்டிய இடத்தில் “ரிசல்ட்” என்று கேட்டால், மெயின் திரெட் விடைக்காக நிற்கும். விடையின் மிச்ச வேலை மெயின் திரெட்டுக்காக நிற்கும். ஹாமில்டன் சொன்ன எதிரெதிர்ப் பூட்டு வேறு வேடத்தில்.

இனி தமிழ் விசைக்குத் திரும்பலாம். விண்டோஸ் 64-பிட்டுக்கு மாறியபோது பழைய தமிழ் மென்பொருள்களுக்கு ஓர் அடி விழுந்தது. முன்பு ஹூக் நிரலை ஒரு டிஎல்எல் கோப்பாக ஒவ்வொரு நிரலுக்குள்ளும் விண்டோஸ் ஏற்றிவிடும். வேர்டில் அடித்தால் வேர்டின் திரெட்டிலேயே கால்பேக் ஓடும். 32-பிட் டிஎல்எல்லை 64-பிட் நிரலுக்குள் ஏற்ற முடியாது. அதனால் 64-பிட் நிரலில் அடிக்கும் விசைக்கான அழைப்பு, ஹூக்கைப் போட்ட மென்பொருளின் திரெட்டுக்கே திரும்பி வந்தது. அந்தத் திரெட் தன் வரிசையைக் கவனிக்காமல் நின்றால், சம்பந்தமில்லாத 64-பிட் நிரல்களின் ஓட்டமும் தடுமாறும் என்று மைக்ரோசாஃப்ட் ஆவணமே எச்சரிக்கிறது.

விண்டோஸ் 7 இன்னும் ஒரு படி மேலே போனது. கீழ்மட்ட ஹூக்கின் கால்பேக் குறித்த நேரத்துக்குள் திரும்பாவிட்டால் அந்த ஹூக்கையே கழற்றி எறிந்துவிடும். யாருக்கும் சொல்லாது, கழற்றப்பட்டதை அந்த மென்பொருளே தெரிந்துகொள்ள வழியில்லை. அந்தக் கெடுவை ஆயிரம் மில்லிசெகண்டுக்கு மேல் நீட்டவும் விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பு முதல் முடியாது. திரையின் மூலையில் தமிழ்க் குறி எரிந்துகொண்டே இருக்கும், அடித்தால் ஆங்கிலம் விழும். எதிரில் காத்திருக்கும் வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்தபடி டிடிபி ஆபரேட்டர் தமிழுக்கு மாற்றும் விசையைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருப்பார். பழி மட்டும் அந்த மென்பொருளை இலவசமாக எழுதிக் கொடுத்தவர் தலையில் விழும். இந்தப் பழியில் பாதி நியாயமானது: ஹூக்கைத் தனித் திரெட்டில் வைத்து, வந்த விசையை வேறொரு திரெட்டிடம் கொடுத்துவிட்டு உடனே திரும்பு என்ற அறிவுரை மைக்ரோசாஃப்ட் ஆவணத்திலேயே இருக்கிறது. மீதிப் பாதி அநியாயம். தமிழில் ‘ர்’ வந்த பிறகுதான் ‘ரு’ வர முடியும். வேலையை வேறு திரெட்டுக்குத் தள்ளினால் வரிசை குலையாமல் காப்பதும் எழுதுபவர் பொறுப்பாகிறது. பேக்ஸ்பேஸுக்கும் அடுத்த குறிக்கும் நடுவில் வேகமாக அடிப்பவரின் அடுத்த விசை புகுந்துவிட்டால் எழுத்து சிதைந்துபோகும். சென்ட்இன்புட் என்ற வழியில் மொத்தத்தையும் ஒரே கட்டாக அனுப்பினால் நடுவில் எதுவும் புகாது. அதற்கு முந்தைய கீபோர்டு-ஈவென்ட் வழியில் அந்தக் காப்பு கிடையாது.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்தே டிஎஸ்எஃப் என்று இன்னொரு பாதை திறந்திருந்தது. அதில் ஹூக்கும் இல்லை, போலி பேக்ஸ்பேஸும் இல்லை. விசைப்பலகை மென்பொருள், எழுதப்படும் ஆவணத்திடமே அனுமதி கேட்கிறது: இந்த எழுத்தை மாற்ற வேண்டும், பூட்டைக் கொடு. நிரல் உடனே கொடுக்கலாம், அல்லது பிறகு தருகிறேன் என்று சொல்லிவிட்டு, நேரம் வரும்போது கால்பேக்கைக் கூப்பிடலாம். இது நேர்மையான ஏற்பாடு, ஆனால் எழுதக் கடினமானது. தனி ஆளாக, இரவு நேரத்தில், இலவசமாகத் தமிழுக்கு மென்பொருள் எழுதியவர்கள் பலர் ஹூக்கோடு நின்றதற்கு அந்தக் கடினமும் ஒரு காரணம். லினக்ஸில் ஐபஸ் என்ற சேவை வழியாகத் தமிழ் அடிப்பவர்களுக்கும் இதே கதைதான். விசை வேறொரு நிரலுக்குப் போய்த் திரும்ப வேண்டும். காத்திராமல் மேலே போகிற முறையில் சில நிரல்களில் எழுத்துகள் முன்பின்னாக விழுந்ததால், காத்திருக்கவைக்கிற முறையையும் ஒரு தேர்வாக வைத்திருக்கிறார்கள்.

தமிழ்99-ஐ வகுத்தவர்களை இந்த இடத்தில் பாராட்டாமல் இருக்க முடியாது. அவர்கள் திரெட்டையோ ஹூக்கையோ நினைத்து அதை வகுக்கவில்லை. விரலின் வேலையைக் குறைக்கத்தான் நினைத்தார்கள். அதில் மெய் விசையை அடித்தால் அகரம் ஏறிய எழுத்தே வருகிறது. உயிரை அடித்தால் குறி ஒட்டுகிறது. மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தால் நடுவில் புள்ளி தானே விழுகிறது. அதனால் அரும்பாவூர் என்று அடிக்க 10 விசை போதும்: அ, ர, உ, ம, ப, ஆ, வ, ஊ, ர, புள்ளி. ‘ம’வுக்கும் ‘ப’வுக்கும் நடுவே புள்ளி இலவசம். எங்கும் அழிக்கிற வேலை இல்லை. மென்பொருள் அனுப்புவது 11 குறி மட்டும். மொத்த அழைப்பு 42. ஒலிபெயர்ப்பு முறையின் 60 அழைப்போடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான மிச்சம். பேக்ஸ்பேஸே இல்லாததால், நடுவில் விசை புகுந்து எழுத்தைச் சிதைக்கும் ஆபத்தும் பெருமளவு குறைகிறது.

2019 மே மாதப் புதுப்பிப்பில் விண்டோஸ் 10 தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு ஒலிபெயர்ப்பு விசைப்பலகையைத் தானே தந்தது. புதிதாகத் தமிழ் அடிக்கத் தொடங்குபவருக்குத் தனி மென்பொருள் கட்டாயம் இல்லை. ஆனால் பழகிய மென்பொருளை விடாதவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை: தமிழ்க் குறி எரிந்துகொண்டிருக்கும்போதே ஆங்கிலம் விழ ஆரம்பித்தால் கணினியை ரீஸ்டார்ட் செய்ய வேண்டாம், விசைப்பலகை மென்பொருளை மட்டும் மூடித் திறந்து பாருங்கள். கழன்றது ஹூக்தான் என்றால் அதிலேயே மறுபடி மாட்டிக்கொள்ளும். அந்த மென்பொருளைப் பராமரிப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: புதுப்பிப்பு இருக்கிறதா என்று இணையத்தில் தேடுகிற வேலையை ஹூக் இருக்கும் திரெட்டில் வைக்காதீர்கள்.